பாதி மலையில் ஒரு கலங்கரை விளக்கம்

கலங்கரை விளக்கம் என்றாலே உயரம் என்றுதான் நமக்குப் பதிந்திருக்கிறது. மெரினாவில் கரை தட்டை. ஆகவே லிஃப்ட் வைத்த கட்டடமே எழுப்ப வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் பாயின்ட் ரேயஸ் முனையில் அந்தச் சிரமமே இல்லை. கடலிலிருந்து 600 அடிக்குச் செங்குத்தான பாறை சும்மா நின்றது. ஆனாலும் அதன் உச்சியில் யாரும் விளக்கை வைக்கவில்லை. பாதிக்கும் கீழே, 275 அடி உயரத்தில், பாறையை வெடிவைத்துத் தகர்த்து மேடை உண்டாக்கி, வெறும் 37 அடிக் குட்டைக் கோபுரம் ஒன்றை அங்கே இறக்கி நிறுத்தினார்கள். மேலே நின்று எட்டிப் பார்த்தால் விளக்கின் கூரை நம் காலுக்குக் கீழே தெரியும். இலங்கைத் தமிழர்கள் சொல்லும் 'வெளிச்சவீடு' என்ற சொல்தான் இதற்குச் சரி. கோபுரம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஏன் இப்படி? மூடுபனி. இந்த விளக்கின் வரலாற்றில் எதைத் தொட்டாலும் அது மூடுபனியில்தான் போய் முடியும்.

முனை இருப்பது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடமேற்கே, மரின் கவுண்டியில். நிலம் 10 மைல் தூரம் பசிபிக் கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கிறது. வடக்கிலிருந்து வந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாசலான கோல்டன் கேட் வாய்க்குள் நுழைய வேண்டிய கப்பல் எதுவானாலும் இந்த மூக்கைச் சுற்றித்தான் போக வேண்டும். எழுதுவது ரேயஸ்; உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'ரேஸ்'. 1603 ஜனவரி 6 அன்று இவ்வழியே போன ஸ்பானிய மாலுமி செபாஸ்டியன் விஸ்கைனோ வைத்த பெயர்: அரசர்களின் முனை. குழந்தை இயேசுவைக் காண மூவர் வந்த நாள் அது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று கொண்டாடும் அதே நாள்தான்.

பெயர் வைப்பதற்கு முன்பே இந்தக் கரை கப்பலைத் தின்று பழகியிருந்தது. கோஸ்ட் மிவோக் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த இடம் இது. 1579-இல் பிரான்சிஸ் டிரேக் தன் கப்பலைப் பழுதுபார்க்க இந்தப் பக்கம் ஒதுங்கினார். 1595-இல் மணிலாவிலிருந்து சீனப் பீங்கானும் பிற சரக்கும் ஏற்றி வந்த 'சான் அகுஸ்டின்' கப்பல் டிரேக்ஸ் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்தபோது புயலில் உடைந்தது. கப்பல் தலைவர் செர்மேனோவும் மிஞ்சியவர்களும் ஒரு திறந்த படகில் மெக்சிகோவரை போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பீங்கான் ஓடுகள் பிற்காலத்தில் மிவோக் குடியிருப்புகளின் மண்ணிலிருந்து கிடைத்தன.

மூடுபனி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் 275 அடிக் கணக்கு விளங்கும். வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரை இந்தக் கரையை ஒட்டி வடமேற்குக் காற்று விடாமல் வீசும். காற்று கடலின் மேல்நீரைத் தெற்கே தள்ளப் பார்க்கும். பூமியின் சுழற்சி அதை வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு வெளியே, ஒதுக்கிவிடும். காலியான இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். கோடையிலும் கரையோர நீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். பசிபிக்கின் ஈரக்காற்று அதன்மேல் படர்ந்து குளிர்ந்து துளித்துளியாகத் திரளும். அதற்கும் மேலே வெப்பக்காற்று ஒரு மூடியைப் போலக் கவிந்திருப்பதால், திரண்ட பனி கலைந்து மேலே போக வழியில்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏற, அந்தச் சூடு இந்தப் பனியைக் கரைப்பக்கம் உறிஞ்சும். ஆகவே ஊருக்குள் அனல் அடிக்கும் நாளில்தான் முனையில் கை நீட்டினால் விரல் தெரியாது.

இந்தப் பனி எப்போதும் கடலைத் தொட்டுக்கொண்டு கிடப்பதில்லை. பல நாள் அது சில நூறு அடி மேலே தூக்கி நிற்கும். கீழே காற்று தெளிவாக இருக்கும். கப்பலில் இருப்பவன் கூரைக்குக் கீழே நடப்பவனைப் போல, அடியில் வெகுதூரம் பார்க்க முடியும். விளக்கை 600 அடியில் வைத்திருந்தால் அது கூரைக்கு மேலே, மேகத்துக்குள் எரிந்திருக்கும்.

இதற்குக் கொடுத்த விலையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல்மட்டத்திலிருந்து விளக்கு எத்தனை அடி உயரமோ அதன் வர்க்கமூலத்தை 1.17-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கடல்மைல் தொலைவு என்று வரும். 600 அடிக்கு ஏறத்தாழ 28.7 கடல்மைல். 275 அடிக்கு 19.4. கப்பல் தளத்தில் 15 அடி உயரத்தில் கண் இருந்தால் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு 4.5 கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக 24 கடல்மைல். இந்த விளக்கின் எட்டும் தூரமாகச் சொல்லப்படுவதும் அந்த 24-தான். உச்சியை விட்டுக் கீழே வந்ததில் 9 கடல்மைல் போயிற்று. தெளிந்த இரவில் கிடைக்கும் அந்த 9 மைலைவிட, பனி கவிந்த இரவில் விளக்கு தெரிவதுதான் பெரிது என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

முடிவெடுத்தது எளிது, நிலம் கிடைத்தது எளிதல்ல. 1850-களிலேயே அமெரிக்க அரசு இங்கே விளக்கு வேண்டும் என்று பணம் ஒதுக்கிவிட்டது. ஆனால் முனை முழுவதும் தனியார் பண்ணை நிலம். வழக்கறிஞர்களான ஷாஃப்டர் சகோதரர்கள் கையில் வந்த பிறகு இது சான் பிரான்சிஸ்கோவுக்கு வெண்ணெய் அனுப்பும் பால்பண்ணை நாடு. பண்ணைகளுக்கு ஊர்ப்பெயர்கூட வைக்காமல் ஆங்கில எழுத்துகளை வரிசையாக வைத்திருந்தார்கள். உரிமையாளர்கள் கேட்ட விலை அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை. பேரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இடையில் கப்பல்கள் மோதிக்கொண்டே இருந்தன. கடைசியில் 1869-இல் 120 ஏக்கர் 6,000 டாலருக்கு முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிலம் வாங்குவதற்கு முன்பே விளக்கின் கண்ணாடி தயாராகிவிட்டது. பாரிஸில் செய்த அந்த லென்ஸில் இருக்கும் ஆண்டு 1867. லென்ஸும் அதைச் சுழற்றும் கடிகார இயந்திரமும் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வந்தன. அங்கிருந்து, வார்ப்பிரும்புக் கோபுரத்தின் துண்டுகளோடு சேர்த்து, இன்னொரு கப்பலில் டிரேக்ஸ் விரிகுடாவுக்கு. அங்கிருந்து மாட்டுவண்டியில் மூன்று மைல் மேடேறி முனையின் உச்சிக்கு. பிறகு உச்சியிலிருந்து 275 அடி மேடைக்குத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். இறக்குவதும் கோபுரத்தைப் பூட்டி முடிப்பதுமாக ஆறு வாரம் ஆயிற்று. பதினாறு பட்டைக் கோபுரம். இரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டுப் பாறையோடு பிணைத்தது. வடக்கே கேப் மெண்டோசினோவில் 1868-இல் எழுந்த விளக்கும் இதன் இரட்டைப் பிறவிதான். செங்கல்லோ கல்லோ அடுக்கியிருந்தால் இவ்வளவு விரைவில் எழும்பியிருக்காது. இரும்பால் கிடைத்த வேறொரு லாபம் 36 ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். விளக்கு முதலில் எரிந்தது 1870 டிசம்பர் 1.

கண்ணாடியும் கடிகாரமும்

பிரான்சின் அகஸ்டின் ஃபிரெனெல் கண்ட லென்ஸ் முதன்முதலில் 1823-இல் கார்டுவான் விளக்கில் ஏறியது. அதற்கு முன் விளக்குக்குப் பின்னால் பளபளப்பான குழிக் கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைக் கடலுக்குத் திருப்புவார்கள். பெரும்பகுதி வெளிச்சம் வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போகும். ஃபிரெனெல் கண்டது இதுதான்: தடித்த லென்ஸில் வேலை செய்வது வளைந்த மேற்பரப்பு மட்டுமே, உள்ளே இருக்கும் கண்ணாடி வெறும் சுமை. அந்தச் சுமையைக் கழித்துவிட்டு, வளைந்த பரப்பை மட்டும் வளையம் வளையமாக வெட்டி அடுக்கினார். நடுப்பகுதி வளையங்கள் ஒளியை வளைத்து நேராக்கும். மேலும் கீழும் சிதறும் ஒளி அவ்வளவு வளையாது; அதற்கு முக்கோணப் பட்டகங்கள். ஒளி அவற்றுக்குள் நுழைந்து, உள்சுவரில் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பி, கடலை நோக்கி வெளியேறும்.

பாயின்ட் ரேயஸில் இருப்பது முதல் தரம், அதாவது அளவில் பெரிய வகை. மையச் சுடரிலிருந்து கண்ணாடிவரை 92 சென்டிமீட்டர். ஆள் உள்ளே நின்று வேலை பார்க்கலாம். மொத்தம் 1,032 கண்ணாடித் துண்டுகள், 24 பலகங்களில், பலகத்துக்கு 43 வீதம். ஒவ்வொரு பலகமும் ஒரு கதிரை வெளியே அனுப்பும். சுடர் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி லென்ஸ் கூண்டு சுழலும். 24 கதிர்களும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலக் கடல்மேல் சுற்றும். கூண்டு ஒரு சுற்று வர 2 நிமிடம். 120 நொடியை 24-ஆல் வகுத்தால் 5. ஐந்து நொடிக்கு ஒரு மின்னல்: இதுதான் இந்த விளக்கின் கையெழுத்து. மாலுமி வாய்க்குள் எண்ணிப் பார்த்து, எந்த முனையருகே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவான்.

அதனால் சுழற்சி தப்பக்கூடாது. வேகம் குறைந்தால் கையெழுத்து மாறும். நின்றுபோனால் இன்னும் மோசம். ஒரு திசையில் விளக்கு விடாமல் எரிவதுபோலத் தெரியும், மற்றொரு திசையில் இருட்டாகவே இருக்கும். தவறான விளக்கைப் பார்த்துத் திருப்பும் கப்பலுக்கு விளக்கே இல்லாதிருப்பது மேல். சுழற்றியது மின்சாரமில்லை, எடை. லென்ஸ் கூண்டு மட்டும் 6,000 பவுண்டு, நம் கணக்கில் 2,700 கிலோ. அதை இழுத்தது வெறும் 170 பவுண்டு, சுமார் 77 கிலோ எடையுள்ள ஒரு தொங்கல். சணல் கயிற்றில் கட்டிய அந்தத் தொங்கலைக் கைப்பிடி சுற்றி, தளத்துக்கு 9 அடி மேலே ஏற்றுவார்கள். பிறகு அது தானாக இறங்கும். தளத்திலிருக்கும் சிறு கதவு வழியாகக் கீழ்நிலைக்கும் போகும். மொத்த இறக்கம் 17 அடி. அந்த 17 அடி இறங்க 2 மணி 20 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை அங்குலம்கூட இல்லை. ஒருமுறை ஏற்றினால் லென்ஸ் 70 சுற்று வரும். குளிர்கால நீண்ட இரவில் ஆறு முறை ஏற்ற வேண்டும். பழைய பெண்டுலக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் போலத்தான். ஆனால் இதற்குக் கெடு வாரத்துக்கு ஒருமுறை அல்ல, தூங்கினால் தப்பிவிடும் 140 நிமிடம்.

விளக்குத் திரிக்கும் அதே அளவு கவனம் தேவை. முதல் தர லென்ஸுக்கான விளக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டத் திரிகள் இருக்கும். எரியத் தேவையானதைவிட அதிகமாகவே எண்ணெய் திரிக்கு ஏறும். மிச்சம் வழிந்து தொட்டிக்குத் திரும்பும். திரியின் விளிம்பு கருகாமல் காத்தது அந்த வழியும் எண்ணெய்தான். திரியை மட்டமாக நறுக்க வேண்டும். ஓரிடம் உயர்ந்திருந்தால் சுடருக்குக் கொம்பு முளைக்கும், புகை வரும், சிமினி கறுக்கும், கரி லென்ஸில் படியும். திரியைத் தாழ்த்திவிட்டால் புகை நிற்கும், ஆனால் 24 மைல் என்பது கனவு. அமெரிக்க விளக்குகளில் அப்போது ஊற்றியது பன்றிக்கொழுப்பு எண்ணெய். குளிரில் அது இறுகும். அடுப்பில் சூடாக்கி ஊற்ற வேண்டும், விளக்கு சூடேறும்வரை கண் அகலக்கூடாது. 1880-களில் மண்ணெண்ணெய் வந்த பிறகு அந்தத் தொல்லை போய், தீப்பிடிக்கும் பயம் வந்தது. அதனால் எண்ணெயைக் கோபுரத்துக்கு வெளியே தனிக் கட்டடத்தில் வைக்கத் தொடங்கினார்கள்.

பகலில் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். விடிந்ததும் லென்ஸைச் சுற்றித் திரை போட வேண்டும். உள்ளிருந்து வெளியே ஒளியைக் குவிக்கும் கண்ணாடி, வெளியிலிருந்து வரும் வெயிலையும் அப்படியே உள்ளே குவிக்கும். திரை மறந்தால் விளக்கின் உலோகம் உருகலாம், எண்ணெய் பற்றிக்கொள்ளலாம். லென்ஸைத் துடைக்கும்போது சட்டைப் பொத்தான் கண்ணாடியில் கீறாமலிருக்க மேலே மெல்லிய துணி மேலங்கி. முதலில் இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டி, பிறகு துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாராயம் தொட்டு மறுபடி துடைப்பார்கள். பித்தளையெல்லாம் மினுங்க வேண்டும். விளக்கறையின் வெளிக்கண்ணாடிதான் ஓயாத வேலை: பனித்துளி காய்ந்தால் உப்பு மட்டும் ஒட்டி நிற்கும், வெளி நடைமேடையில் காற்றோடு மல்லுக்கட்டி அதைத் துடைக்க வேண்டும். இங்கே மணிக்கு 60 மைல் காற்று சகஜம். பதிவான உச்சம் 133 மைல், அதாவது 214 கிலோமீட்டர்.

சங்கு

பனி கடல்வரை இறங்கிவிட்டால் எந்த லென்ஸாலும் பயனில்லை. அப்போது சத்தம்தான் கதி. அதற்காகக் கடலிலிருந்து 100 அடி உயரத்தில் இரண்டாவது மேடையொன்றை வெட்டினார்கள். அங்கே கொதிகலன் வைத்து நீராவியில் ஊதும் சங்கு. ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளங்கும். அதுவே கடலைப் பார்த்து, குறித்த இடைவெளியில், பனி விலகும்வரை ஓயாமல் ஊதும்.

விளக்கைவிட இதுதான் ஆட்களை உருக்குலைத்தது என்பேன். விளக்கு இரவோடு சரி. பனிக்கு இரவு பகல் கிடையாது. பனி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு கொதிகலனைப் பற்றவைத்தால் நீராவி எழவே நேரமாகும். அதற்குள் கப்பல் வந்துவிடலாம். ஆகவே வானத்தைப் பார்த்து முன்கூட்டியே தீ மூட்ட வேண்டும். ஊதும்போது மணிக்கு ஏறத்தாழ 140 பவுண்டு நிலக்கரி, அதாவது 63 கிலோ, தீனி. கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உள்ளே உப்பு படிந்து குழாய் அடைபட்டுக் கலனே கெடும். சுற்றிலும் கடல் இருக்க, ஒரு செங்குத்துப் பாறையில் மழைநீரைப் பிடித்துச் சேமித்துத்தான் பிழைக்க வேண்டும். ஆனால் பனி அடர்ந்த கோடை மாதங்கள்தான் கலிபோர்னியாவில் மழையே இல்லாத மாதங்கள்.

1887 ஜூனில் சங்கு 176 மணி நேரம் இடைவிடாமல் ஊதியது. ஏழு நாள், எட்டு மணி. மேலே சொன்ன கணக்குப்படி 11 டன் நிலக்கரியை நான்கு பேர் கையால் அள்ளிப் போட்டிருக்க வேண்டும். அத்தனை பாடுபட்டும் சங்கொலி நம்பத்தகுந்ததல்ல என்பதுதான் கசப்பு. எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். கிட்டே இருக்கும் கப்பலுக்குக் கேட்காது, தொலைவில் இருப்பதற்குக் கேட்கும். இத்தகைய ஒலியில்லாப் பகுதிகள் மாலுமிகளைப் பல கரைகளில் ஏமாற்றியிருக்கின்றன. பிற்காலத்தில் நீராவி போய் அழுத்தக்காற்றில் ஊதும் கருவிகள் வந்தன. கரி அள்ளும் வேலை மட்டும் ஒழிந்தது.

இதையெல்லாம் பார்த்தது ஒரு தலைமைக் காவலரும் மூன்று உதவியாளர்களும், ஆறு மணி நேர முறை வைத்து. வீடு மலையுச்சியில், விளக்குக்கு 308 மரப்படி. விளக்கேற்றுபவர் சூரியன் மறைய அரைமணி முன்பு இறங்குவார்; விடியும்வரை மாறி மாறி யாராவது கீழே இருக்க வேண்டும். காற்று மிஞ்சும் இரவில் நிற்க முடியாமல் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து ஏறினார்கள். அருகில் ஊர் கிடையாது. ஓலெமா என்ற சிறு ஊருக்குக் குதிரைவண்டியில் நெடுந்தூரம் போக வேண்டும். 1889-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் தலைமைக் காவலர் ஒரே வரியில் எழுதிவைத்திருக்கிறார்: இரண்டாம் உதவியாளருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஓலெமா போலீஸ்காரரிடம் ஒப்படைத்தாயிற்று. எண்ணெய் இவ்வளவு செலவு என்று எழுதும் அதே குரல்தான் அதிலும். வேலையை விட்டு ஓடியவர்கள் பலர். ஆனால் ஒருவர் ஏறத்தாழ 24 ஆண்டு இங்கேயே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1906 ஏப்ரல் 18 விடிகாலை 5:12-க்கு சான் பிரான்சிஸ்கோவை நொறுக்கிய நிலநடுக்கம். இரண்டு நிலத்தட்டுகள் உரசும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஓலெமா பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது; பாயின்ட் ரேயஸ் நிலமோ பிளவுக்கு அந்தப் பக்கம், பசிபிக் தட்டின்மேல் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முனையும் விளக்கும் சேர்ந்து வடக்கே 18 அடி நகர்ந்துவிட்டன. போல்ட் போட்ட இரும்புக் கோபுரம் நெளிந்து கொடுத்துத் தப்பியது. லென்ஸ் மட்டும் தன் தண்டவாளத்திலிருந்து நழுவியது. காலை 5:25-க்கு எப்படியும் விளக்கை அணைக்க வேண்டிய நேரம். காவலர்கள் பகலெல்லாம் பாடுபட்டு 2,700 கிலோ கூண்டைத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்றி, அன்று மாலையே விளக்கேற்றிவிட்டார்கள். ஆக அந்தப் பெரும் நிலநடுக்கத்தால் கடலுக்கு விளக்கில்லாமல் போனது 13 நிமிடம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1938-இல் மின்சாரம் வந்தது. 1939-இல் மரப்படிகள் போய்க் கான்கிரீட் படிகள் வந்தன. திரி, எண்ணெய், சிமினி எல்லாம் ஒரு பல்புக்குள் அடங்கின. 1962-இல் தீபகற்பம் தேசியக் கடற்கரைப் பூங்காவானது. 1975-இல் கடலோரக் காவல்படை அருகிலேயே தானியங்கி விளக்கொன்றை வைத்துவிட்டு, 105 ஆண்டு எரிந்த பழைய விளக்குக்கு ஓய்வு கொடுத்துப் பூங்காத் துறையிடம் ஒப்படைத்தது. ஓய்வு பெற்றாலும் பழைய லென்ஸை யாரும் அருங்காட்சியகத்துக்குக் கழற்றிக்கொண்டு போகவில்லை. 1867-இல் செய்த கடிகார இயந்திரத்தோடு அதே அறையில், அதே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது; இப்படி வாய்த்த முதல் தர லென்ஸ்கள் அபூர்வம். 2018-19-இல் விளக்கை மூடி, பெரிய அளவில் பழுதுபார்த்து, 2019 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதுதான் இங்கே ஓயாத செலவு.

போகிறவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருப்பவர்கள் அரைநாளில் போய்வரலாம் என்று கிளம்புவார்கள், முழுநாள் ஒதுக்குங்கள். பூங்காவின் பேர் வேலி (Bear Valley) பார்வையாளர் மையத்திலிருந்தே இன்னும் முக்கால் மணி நேரம், பழைய பண்ணை நிலங்களுக்கிடையே வளைந்த சாலை. கடைசிப் பகுதியில் பெட்ரோலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரைமைல் நடந்தால் படிக்கட்டின் தலைப்பு. அங்கிருந்து 313 படி கீழே. முப்பது மாடிக் கட்டடத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது தெரியாது, திரும்பும்போது எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப்போனால் மேலேயே நின்று பார்க்கச் சொல்லலாம், அங்கிருந்தே விளக்கு நன்றாகத் தெரியும்.

திறந்திருக்கும் நாட்களும் நேரமும் மாறும். கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். ஜூலையில் வெயில் என்று அரைக்கைச் சட்டையோடு போய் நடுங்குவது வழக்கமான தவறு. சாம்பல் திமிங்கிலம் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி நடுவில் தெற்கே போகும்போதும், மார்ச் நடுவில் வடக்கே திரும்பும்போதும் நல்ல வாய்ப்பு. லென்ஸ் அறைக்குள் விட்டால், கண்ணாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். தளத்தில் தொங்கல் இறங்கும் அந்தச் சிறு கதவைத் தேடுங்கள். காவலர்களின் இரவெல்லாம் அதன் வழியாகத்தான் போயிற்று. பேர் வேலியில் நிலநடுக்கப் பாதை என்று சிறு நடைபாதை உண்டு. நேராக ஓடிய வேலி ஒன்று 1906-இல் பல அடி விலகிப்போனதை அங்கே காட்டுகிறார்கள்.

மணிக்கு 40 மைலுக்கு மேல் காற்றடித்தால் படிக்கட்டை அடைத்துவிடுவார்கள். அப்படி ஆனால் திரும்பிவிட வேண்டாம். முனையின் கிழக்குக் கோடியில் சிம்னி ராக் இருக்கிறது. மலைமறைவில் காற்று சற்றுக் குறைவு. 1927-இல் கட்டிய உயிர்காப்புப் படகு நிலையமும், படகை நீரில் இறக்கிய தண்டவாளமும் அங்கே அப்படியே உள்ளன. குளிர்காலமென்றால் பக்கத்து மணலில் யானை சீல்கள் கிடக்கும்; அவற்றின் உறுமல் காற்றையும் மீறிக் கேட்கும்.